18 ராத்திரிக் கூத்தை ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் 18 ராத்திரிக் கூத்தையும் பதிவு செய்து, ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில் வேலையை முடித்துவிட்டேன். ராத்திரிக்கு ஒரு ப்ராஜெக்ட், ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம். விழாக் குழுவினர் பெண்டிரைவில் எம்பி3 கேட்கிறார்கள். எனக்கும் நல்ல தரத்தில் ஒரு பிரதி வேண்டும். கன்வர்ட்டர் ஒன்றை டவுன்லோடு செய்தேன். அது ப்ராஜெக்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. ஒரு ராத்திரியை வேவ் ஆக எடுத்தேன். பெண்டிரைவில் காப்பி ஆகவில்லை. தானாக நடக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கன்வர்ட்டர் மேல் தப்பில்லை. ரீப்பர் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் ஒலி கிடையாது. நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எழுத்துதான் இருக்கும்: எந்த ரெக்கார்டிங்கை எங்கே வெட்டினீர்கள், முகவீணையை எவ்வளவு தணித்தீர்கள், எந்த எஃபெக்ட்டைப் போட்டீர்கள் என்ற குறிப்பு. அதைப் படித்து ஒலியாக்க ரீப்பரால்தான் முடியும். ஆகவே வேலை இரண்டு. ப்ராஜெக்ட்டிலிருந்து மாஸ்டர் (முழுத் தரமுள்ள மூலப் பிரதி) எடுப்பது ஒன்று, மாஸ்டரிலிருந்து எம்பி3 செய்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

மாஸ்டருக்கு ரெண்டர் க்யூ இருக்கிறது. ரெண்டர் என்றால் ப்ராஜெக்ட்டை ஒலி ஃபைலாக்குவது, க்யூ என்றால் அந்த வேலைகளின் வரிசை. ப்ராஜெக்ட்டைத் திறந்து, ரெண்டர் விண்டோவில் அமைப்புகளைச் சரிசெய்து, உடனே ரெண்டர் செய்யாமல் க்யூவில் சேர்க்கும் பட்டனை அழுத்துங்கள். பதினெட்டையும் சேர்த்த பிறகு, ஃபைல் மெனுவில் க்யூவைத் திறந்து எல்லாவற்றையும் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். முதல் ப்ராஜெக்ட்டில் செய்த அமைப்பை ப்ரீசெட்டாகச் சேமித்துக்கொண்டால் மற்றவற்றில் ஒரே க்ளிக். ஃபைல் பெயருக்கு ப்ராஜெக்ட் பெயரையே எடுத்துக்கொள்ளும் வைல்டுகார்டு இருக்கிறது. அதைப் போடுங்கள், பதினெட்டுக்கும் கையால் பெயர் எழுத வேண்டாம்.

இங்கே நான் பட்ட அடியைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை பென்னாகரம் பக்கத்துப் பதிவுகளை ராத்திரி க்யூவில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஒரு ஃபைல் மூன்று நிமிடம்தான். எடிட் செய்தபோது இழுத்துவிட்ட டைம் செலக்‌ஷன் அப்படியே இருந்திருக்கிறது. ரெண்டர் எல்லையும் அதிலேயே நின்றிருக்கிறது. இன்னொன்றில் மிருதங்கம் மட்டும் தனியாக முழங்குகிறது. ஒரு ட்ராக்கை மட்டும் ஒலிக்கவிடும் சோலோவை எடுக்க மறந்திருக்கிறேன். ரெண்டர் அமைப்பு ஒவ்வொரு ப்ராஜெக்ட்டோடும் தனித்தனியாகச் சேமிக்கப்படும் என்பதால், ஒன்று சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்பக் கூடாது. சேர்க்கும் முன் மூன்றைப் பாருங்கள்: எல்லை முழு ப்ராஜெக்ட்டா, சோலோ மியூட் எதுவும் விழுந்திருக்கிறதா, ரெக்கார்டிங் இருக்கும் ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கிறதா. இன்னொன்று: க்யூவில் சேர்த்த நிமிடத்தில் ப்ராஜெக்ட்டின் நகல் எடுக்கப்படுகிறது. அதன்பின் செய்த திருத்தம் ரெண்டரில் வராது. திருத்தினால் மறுபடி சேர்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி, மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். எட்டு மணி நேரக் கூத்து எட்டு ஜிபியைத் தாண்டும். சாதாரண வேவ் ஃபைலின் தலைப்பில் அளவைக் குறிக்க 32 பிட்தான் இடம்; 4 ஜிபிக்கு மேல் எண்ண அதற்குத் தெரியாது. இந்தத் தரத்தில் கணக்குப் போட்டால் நாலு மணி எட்டு நிமிடம். அர்ச்சுனன் தபசு ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும்! ரீப்பரின் வேவ் அமைப்பில் பெரிய ஃபைலுக்கு ஆர்எஃப்64 அல்லது வேவ்64 என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவற்றை எல்லா சாஃப்ட்வேரும் திறக்காது. உங்களுக்கு நான் சொல்வது ஃப்ளாக் (FLAC) என்ற ஃபைல் வகை. தரம் ஒரு துளியும் குறையாது, இடம் குறையும், 4 ஜிபி தொல்லையும் இல்லை. வேவ் ஆக வைத்தால் பதினெட்டு ராத்திரிக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 150 ஜிபி தேவைப்படும்.

பெண்டிரைவில் காப்பி ஆகாததற்கும் இதே நாலு ஜிபிதான் காரணமாக இருக்கும், ஆனால் சுவர் வேறு. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பெண்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. எம்பி3க்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது வேலை சுலபம். ஃபைல் மெனுவிலேயே பேட்ச் கன்வர்ட்டர் இருக்கிறது. பதினெட்டு மாஸ்டரையும் அதில் இழுத்துப் போட்டு எம்பி3, 128 கேபிபிஎஸ் கொடுங்கள். மணிக்குச் சுமார் 58 எம்பி வீதம் முழு விழாவும் எட்டரை ஜிபிக்குள் அடங்கும். 16 ஜிபி பெண்டிரைவ் ஒன்று போதும். பழைய எம்பி3 ஏதாவது கையில் இருந்தால் அதிலிருந்து மறுபடி எம்பி3 செய்யாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் தாளமும் முகவீணையும் இன்னும் கொஞ்சம் கரகரக்கும்.

ஒலி அளவை இந்தக் கட்டத்தில் மட்டும் தொடுங்கள், மாஸ்டரில் வேண்டாம். நார்மலைஸ் பகுதியில் மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு), லிமிட்டரில் ட்ரூ பீக் (ஒலியின் உச்சம்) மைனஸ் 1 என்று வைத்தால் பதினெட்டும் ஏறத்தாழ ஒரே சத்தத்தில் கேட்கும். சில கன்வர்ட்டர்களில் இருக்கும் தானியங்கி லெவலிங்கைக் கூத்துக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. கட்டியங்காரன் வசனத்துக்கு நடுவே மூச்சு வாங்கும் இடைவெளியில் அது சத்தத்தைத் தூக்கிவிடும். ஜெனரேட்டர் சத்தம் மேடைக்கு வந்துவிடும்.

பெயரில் 01, 02 என்று இரண்டு இலக்கம் போடுங்கள். இல்லாவிட்டால் பல ப்ளேயர்களில் 1க்கு அடுத்து 10 ஓடும், சூதாட்டத்துக்கு முன்பே போர் வந்துவிடும். பழைய கார் ப்ளேயர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியலாம். எண் இருந்தால் அதை வைத்தாவது கண்டுபிடிப்பார்கள்.

விழாக் குழுவில் யாராவது துரியோதனன் படுகளத்தை மட்டும் தனியாகக் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். அந்தப் பகுதிக்கு ப்ராஜெக்ட்டில் ஒரு ரீஜன் (தொடக்கமும் முடிவும் குறித்த பகுதி) போட்டுப் பெயர் வைத்துவிடுங்கள். ரெண்டர் எல்லையை ரீஜன் என்று மாற்றினால் அது மட்டும் தனி ஃபைலாக வந்துவிடும்.