கேள்வி பதில்: கப் ஜெயிச்சவர்தான் நல்ல கோச்சா?

கேள்வி: அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் இப்பதான் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். கோச்னு தனியா ஒண்ணும் இல்ல, நல்ல பசங்கள பிடிச்சுப் போட்டா யார் வேணா ஜெயிக்கலாம்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான், கென்டக்கி டீமோட கோச்சா இருந்த ஜான் கலிபாரியதான் உதாரணம் காட்டுறான். ஒரு கோச்சுக்கு நிஜமாவே ஆட்ட மூளை இருக்கா, இல்ல ப்ளேயர்ஸ் தயவுல ஓடுறாரானு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில்: உங்க ஃப்ரெண்டு சொல்றதுல விஷயம் இருக்கு. என்பிஏங்கற ப்ரோ லீக்ல டீமுங்க வரிசையா புது ப்ளேயர்ஸ தேர்ந்தெடுக்கற டிராஃப்ட் மாதிரி இங்க கிடையாது, ஸ்கூல்ல ஆடுற பையன் வீட்டுக்கே போய் அப்பா அம்மாகிட்ட பேசி காலேஜுக்குக் கூட்டிட்டு வர்றதும் கோச் வேலைதான். அதுல கலிபாரி பெரிய கை. 2012-ல ஆன்டனி டேவிஸ வச்சு கப் தூக்கினாரு, அதாவது சீசன் கடைசில நடக்கற தேசிய நாக் அவுட் டோர்னமெண்ட். 2014-15 சீசன்ல 38 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்ச டீம், பின்னாடி என்பிஏ ஸ்டாரான டெவின் புக்கரே பெஞ்சுல இருந்துதான் இறங்குவாரு, அந்த டீம்லருந்து ஆறு பேரு அந்த வருஷமே என்பிஏ டிராஃப்ட்ல போனாங்க. அப்படிப்பட்ட டீம் ஃபைனல் ஃபோர்ல, அதாவது செமிஃபைனல்ல, விஸ்கான்சின்கிட்ட 71-64னு தோத்துச்சு. கடைசி சில நிமிஷத்துல லீட்ல இருந்தப்போ பந்தைப் பிடிச்சு பிடிச்சு வச்சுக்கிட்டு வரிசையா மூணு தடவை ஷாட் கிளாக் வயலேஷன், அதாவது கொடுத்த டைமுக்குள்ள உருப்படியா ஒரு ஷாட் கூட எடுக்க முடியல. டேலண்ட் பத்தலன்னு அங்க யாரும் சொல்ல முடியாது, என்ன ஆடணும்ங்கறதுல கோட்டை விட்டாங்க, அது கோச் கணக்குலதான் வரும். அதுக்காக மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னும் சொல்லிட முடியாது, நாளைக்கு ஸ்டாராகப் போற பத்துப் பசங்கள டைம் பங்கு போட்டு ஆட ஒத்துக்க வச்சு, நாட்டுலயே டாப் டிஃபென்ஸ்ல ஒண்ண ஆட வச்சாரே, அதுவும் கோச்சிங்தான்.

நான் முதல்ல பார்க்கறது வேற. ஸ்டார் ப்ளேயர் போனதுக்கு அப்புறம் டீம் என்ன ஆகுதுன்னு பாருங்க. இண்டியானாபோலிஸ்ல பட்லர்னு சின்ன யுனிவர்சிட்டி, 2010-ல பிராட் ஸ்டீவன்ஸ் கோச், வயசு 33. ஃபைனல் வரைக்கும் வந்து டியூக்கிட்ட 61-59ல தோத்தாங்க, கோர்டன் ஹேவர்ட் பாதி கிரவுண்ட்லருந்து போட்ட கடைசி ஷாட் போர்டுல பட்டு ரிங்கத் தட்டி வெளிய போச்சு. அது உள்ள விழுந்திருந்தா ஸ்டீவன்ஸ் சாம்பியன், விழலன்னதும் ரன்னர் அப், ஆனா ரெண்டுலயும் அவரு போட்ட பிளான் ஒண்ணுதானே? ஹேவர்ட் அந்த வருஷமே 9வது பிக்கா என்பிஏ போயிட்டாரு, இனி அவ்ளோதான்னு நினைச்சா 2011-ல 8வது சீடா, அதாவது டோர்னமெண்ட்ல தன் பிரிவுல எட்டாவது ரேங்க்ல வந்து திரும்ப ஃபைனல்! அதுல 64 ஷாட் போட்டு 12தான் விழுந்துச்சு, கனெக்டிகட்கிட்ட 53-41 தோல்வி, பார்க்கவே கஷ்டமா இருக்கும். ஆனா அப்படி ஒரு நாள்லயும் எதிர் டீம 53-லயே நிறுத்தினாங்க பாருங்க, அதை நான் கோச்சுக்குத்தான் கொடுப்பேன்.

கேள்வி: அப்போ வர்ஜீனியா கோச்சா இருந்த டோனி பென்னட்? நம்பர் ஒன் சீடா இருந்து 16வது சீட்கிட்ட தோத்தவராச்சே?

பதில்: ஆமா, 2018-ல யுஎம்பிசிங்கற யுனிவர்சிட்டிகிட்ட 74-54ல தோத்தாரு. ஆண்கள் டோர்னமெண்ட்ல அதுக்கு முன்னாடி எந்த ஒன் சீடும் 16கிட்ட தோத்ததே இல்ல. கூடைக்குப் பக்கத்துலயே எல்லாரும் நெருக்கி நின்னு காக்கற பேக் லைன் டிஃபென்ஸ், மெதுவான ஆட்டம், இதெல்லாம் பெரிய மேட்ச்சுக்கு ஆகாதுன்னு எல்லாரும் எழுதித் தள்ளினாங்க. அடுத்த வருஷம் அதே கோச், அதே டிஃபென்ஸ், அதே வேகம், டெக்ஸாஸ் டெக்க ஓவர்டைம்ல 85-77ன்னு அடிச்சு கப்! 2018 டோர்னமெண்ட்ல மணிக்கட்டு உடைஞ்சு உட்கார்ந்திருந்த டிஆண்ட்ரே ஹன்டர் இந்த ஃபைனல்ல 27 பாயிண்ட். இந்த இடத்துல டேலண்ட் எவ்ளோ பேசுதுன்னு மறைக்க முடியாது. லக்கும் இருக்கு, ஆபர்ன்கூட செமிஃபைனல்ல 0.6 செகண்ட் மிச்சம் இருக்கும்போது வர்ஜீனியா ப்ளேயர் கைல் கை (Kyle Guy) மூணு ஃப்ரீ த்ரோவும் போட்டதாலதான் 63-62. இப்படி தோத்தா வீடுன்னு இருக்கற மேட்ச் ஒண்ண வச்சு ஒருத்தரோட மூளைய அளக்கறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நாலஞ்சு சீசன் சேர்த்து, 100 பொசஷனுக்கு, அதாவது பந்து கைக்கு வர்ற நூறு தடவைக்கு, எவ்ளோ பாயிண்ட் போடறாங்க, எவ்ளோ விடறாங்கன்னு பாருங்க, மெதுவா ஆடற டீமையும் வேகமா ஆடற டீமையும் அப்பதான் ஒரே தராசுல வைக்க முடியும்.

கேள்வி: நம்பர் எல்லாம் தலைக்கு மேல போகுது. டிவில மேட்ச் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

பதில்: டைம் அவுட் முடிஞ்சு வர்ற முதல் பொசஷன். அதுல நடக்கறது பெரும்பாலும் கோச் வரைஞ்சு கொடுத்ததுதான். 2016 ஃபைனல தேடிப் பிடிச்சுப் பாருங்க, வில்லனோவாவும் நார்த் கரோலினாவும் 74-74, இன்னும் 4.7 செகண்ட். வில்லனோவா ப்ளேயர் ஓச்செஃபு ஈரமா இருந்த இடத்தை தானே மாப் வாங்கித் துடைக்கறாரு. ஏன்னா அவரு ஸ்க்ரீன் போட்டு, அதாவது எதிர் ப்ளேயருக்கு குறுக்க மறிச்சு நிக்கப் போற இடம் அது. வெளிக்கோட்டுலருந்து பந்தை உள்ள போட்ட அவங்க ப்ளேயர் ஜென்கின்ஸ யாரும் கண்டுக்கல, எல்லாரு கண்ணும் பந்தோட ஓடுற இன்னொரு வில்லனோவா ப்ளேயர் ஆர்ச்சிடியாக்கோனோ மேல. ஜென்கின்ஸ் பின்னாடியே ஓடி வந்து திருப்பி வாங்கி த்ரீ போட்டாரு, 77-74, கப். பிராக்டிஸ்ல திரும்பத் திரும்ப ஆடி வச்சிருந்த ப்ளே அது. ஷாட் விழுந்தது ஜென்கின்ஸ் கை, ஆனா அவ்ளோ ஃப்ரீயா அவரு நின்னதுக்கு அப்போ வில்லனோவா கோச்சா இருந்த ஜே ரைட்தான் காரணம், விழாம போயிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

அதனால பந்து விழுந்துச்சாங்கறத கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, ஷாட் போட்டவன் முன்னாடி கை நீட்டிக்கிட்டு யாராச்சும் நின்னாங்களான்னு பாருங்க. ஒவ்வொரு பாதிலயும் 16, 12, 8, 4 நிமிஷம் மிச்சம் இருக்கறப்போ, அதுக்கப்புறம் பந்து நிக்கும்போது டிவிக்காக டைம் அவுட் வரும், முக்கியமான ப்ளேயர் ரெண்டு ஃபவுல் ஆகி, மேல ஃபவுல் ஆகாம இருக்க பெஞ்சுல உட்கார்ந்திருக்கற நேரமாப் பார்த்து இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க, உங்க ஃப்ரெண்டையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க.