திரையில் வழி தெரிய வேண்டும்: கட்டற்ற வணிக மென்பொருள் கேள்வி பதில்

கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்களான ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ ஆகியவற்றை வைத்து நீலகிரியிலும் பழனி மலையிலும் தொழில் நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. மெனு, தேடல், திரை அமைப்பு பற்றியவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். மற்றவற்றை உரியவர்களிடம் கேளுங்கள்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்: பசுந்தேயிலை எடையை உடனுக்குடன் ஈஆர்பிநெக்ஸ்டில் ஏற்றச் சொன்னால், ஆட்கள் நோட்டில் எழுதி வைத்து மாலையில்தான் ஏற்றுகிறார்கள். ‘எங்கே போய்ப் பதிவது என்று தெரியவில்லை’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் சொல்வது நியாயம் ஐயா. இலை வாங்குகிறவர் கொள்முதல் பகுதியைத்தான் திறப்பார். ஆனால் சரக்கு வந்து இறங்கியதைப் பதியும் பர்ச்சேஸ் ரிசீட், ஈஆர்பிநெக்ஸ்டில் ஸ்டாக் பகுதியில் இருக்கிறது. கணக்கியல் ஒழுங்குப்படி அது சரிதான். எடை போடுகிறவருக்கு அந்த ஒழுங்கு தெரிய வேண்டிய அவசியமில்லை. தேடிப் பிடித்துத் திறந்தாலும் கிடங்கு, வரி, முகவரி என்று படிவம் நீண்டுகொண்டே போகிறது. நனைந்த கையும் முன்னால் சாக்குகளோடு ஒரு வரிசையுமாக நிற்பவர் நோட்டை எடுக்காமல் என்ன செய்வார்?

முதலில் ஒரு நாள் இலை வந்து இறங்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் நின்று, என்ன கேட்கிறார், என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். விவசாயி பெயர், சாக்கு எண்ணிக்கை, மொத்த எடை, ஈரத்துக்கும் சாக்குக்கும் போகும் கழிவு. பெரும்பாலும் இந்த நான்குதான் இருக்கும். இந்த நான்கு புலங்களோடு (நிரப்ப வேண்டிய கட்டங்களோடு) சொந்தமாக ஒரு டாக்டைப், அதாவது புதிய வகைப் படிவம், உருவாக்கி, அதில் ‘குவிக் என்ட்ரி’ வசதியை இயக்குங்கள். முழுப் படிவம் திறக்காமல் சிறு பெட்டியிலேயே பதிவு முடிந்துவிடும். பர்ச்சேஸ் ரிசீட்டை அதை வைத்து அலுவலகத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, எடை போடுகிறவருக்கென்று தனி வொர்க்ஸ்பேஸ், அதாவது திறந்ததும் வரும் முகப்புத் திரை, அமையுங்கள். அதில் ‘புதிய எடை’, ‘இன்றைய பதிவுகள்’ என்று இரண்டே குறுக்குவழிகள் போதும். மற்ற பகுதிகளை, யாருக்கு எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் மாட்யூல் ப்ரொஃபைல் வழியாக மறைத்துவிடுங்கள். மேலாளரின் வேலை வேறு. தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலை விலையை அறிவித்ததும் அவர் விலைப்பட்டியலை மாற்ற வேண்டும்; அந்தக் குறுக்குவழி அவர் திரையில் மேலே இருக்கட்டும்.

இவை எதற்கும் மூல நிரலைத் தொடாதீர்கள். இருக்கும் படிவங்களைத் திரையிலிருந்தே மாற்ற உதவும் கஸ்டமைஸ் ஃபார்ம் வழியாகச் செய்யும் மாற்றங்கள் தரவுத்தளத்தில் தனியாகச் சேமிக்கப்படுவதால், புதிய பதிப்புக்கு மாறும்போதும் நிலைக்கும். நிரலுக்குள் கைவைத்துச் செய்தது அடுத்த மேம்படுத்தலில் அழிந்துவிடும், அல்லது மேம்படுத்தவே விடாது.

ஊட்டி, கேரட் வியாபாரி: ஓடூ நல்லதா, ஈஆர்பிநெக்ஸ்ட் நல்லதா?

பதில்: உங்கள் ஊரில் எதைப் பழுது பார்க்க ஆள் கிடைக்கிறாரோ அது.

கொடைக்கானல், விடுதி நடத்துபவர்: ஓடூவின் இலவசப் பதிப்பு வைத்திருக்கிறோம். வரவேற்பறையில் இருக்கும் பெண் திறந்தவுடன் எல்லாச் செயலிகளும் தெரிகின்றன. மெனுவை மறைத்தால் போதுமா? விருந்தினரின் இ-பாஸ் எண்ணைப் பதியவும் ஓர் இடம் வேண்டும்.

பதில்: மறைப்பது வேறு, அனுமதி மறுப்பது வேறு. மெனுவை மட்டும் மறைத்தால், இணைப்பு தெரிந்தவர் நேராக உள்ளே போய்விடுவார். வரவேற்பறைப் பெண்ணின் பயனர் கணக்கில் தேவையில்லாத உரிமைகளை நீக்குங்கள். அந்தச் செயலிகளின் மெனுவும் தானாக மறையும். பிறகு பதிவுகள் பட்டியலில் ‘இன்று வருபவர்கள்’ என்று வடிகட்டி, விருப்பத் தேடலாகச் சேமித்து, அதையே இயல்பாக்குங்கள். காலையில் திறந்ததும் அந்தப் பட்டியல்தான் வரும்.

நிரல் எழுதாமல் திரையை மாற்ற உதவும் ஓடூவின் ஸ்டூடியோ கட்டணப் பதிப்பில் மட்டுமே உண்டு. உங்கள் இலவசப் பதிப்பில் இ-பாஸ் எண்ணுக்கு, நிரலாளர்களுக்கான அமைப்புகளைத் திறந்து காட்டும் டெவலப்பர் மோடில் ஒரு புலம் சேர்க்கலாம். திரையில் அதைக் காட்ட, இருக்கும் படிவத்தை நீட்டித்து ஒரு சிறு மாட்யூல் (கூடுதல் நிரல் தொகுப்பு) எழுத நிரலாளரிடம் சொல்லுங்கள். ஓடூவின் சொந்தக் கோப்புகளைத் திருத்த வேண்டாம்.

குன்னூர், நிரலாளர்: ஈஆர்பிநெக்ஸ்டில் கண்ட்ரோல் ஜி அழுத்தினால் தேடல் பெட்டி வருகிறது. ஓடூவிலும் 15-ஆம் பதிப்பிலிருந்து கண்ட்ரோல் கே இருக்கிறது, சாய்கோடு போட்டால் மெனுக்களைத் தேடித் தருகிறது. இனி மெனு எதற்கு? எல்லாவற்றையும் எடுத்துவிடலாமே.

கோத்தகிரிக் கணக்கர் (குறுக்கிட்டு): எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தம்பி தட்டச்சு செய்வது? பர்ச்சேஸ் ரிசீட் என்ற பெயரே எங்கள் ஆளுக்குத் தெரியாது.

குன்னூர் நிரலாளர்: ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தால் பழகிவிடும் ஐயா. மெனுவில் தேடுகிற நேரத்தில் மூன்று பதிவு போட்டுவிடலாம்.

கூடலூர், காபி, மிளகு வாங்குபவர்: எங்களிடம் ஆட்கள் பருவத்துக்கு ஒரு முறை மாறுகிறார்கள். யாருக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுப்பது?

பதில்: கூடலூர்க்காரர் விஷயத்தைத் தொட்டுவிட்டார். நினைவிலிருந்து வரவழைப்பதைவிடப் பார்த்து அடையாளம் காண்பது மனிதருக்கு எளிது. மென்பொருளின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1994-இல் வகுத்த பத்து விதிகளில் ஆறாவது இதுதான். தேடல் பெட்டி பெயர் தெரிந்தவருக்கானது. நாள் முழுக்க உட்காருகிற கணக்கருக்கு அதைவிட வேகமான வழி கிடையாது, அவருக்குக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை திறப்பவரும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அந்தப் பெட்டியில் எதைத் தட்டுவார்கள்? இந்த மென்பொருளில் என்னென்ன செய்யலாம் என்பதை அவர்களுக்குக் காட்டுவது மெனுதான். தம்பி, நீங்கள் மெனுவை எடுத்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எடைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மென்பொருளே இல்லாமல் போய்விடும். மெனுவை எடுக்க வேண்டாம், அவரவர் வேலை அளவுக்குச் சுருக்குங்கள்.

குன்னூர் நிரலாளர்: சுருக்குவதற்கு ஒவ்வொருவருக்கும் தனித் திரை செய்ய வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது?

பதில்: ஒவ்வொருவருக்கும் வேண்டாம், ஒவ்வொரு பணிக்கும் ஒன்று. உங்கள் அலுவலகத்தில் எத்தனை பணிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விரல்களே மிஞ்சும்.

குன்னூர், மளிகை மொத்த வியாபாரி: டேலி கணக்கு மென்பொருள் மாதிரி எஃப்8 அழுத்தினால் விற்பனை வர வைக்க முடியுமா?

பதில்: இதே கேள்வி வேறு வேறு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. முடியும். ஆனால் ஓடூவில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் பொத்தான்களின் குறுக்கு விசைகள் திரையிலேயே தெரியும், முதலில் அதைப் பழகுங்கள். டேலி விசைகளுக்காக மூல நிரலை மாற்றியவர்களை அடுத்த மேம்படுத்தலின்போது அழைத்துக் கேளுங்கள்.

அரவேணு, சிறு வியாபாரி: டேலியில் இருப்பதுபோல எஃப்9...

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கூடலூர்: செல்பேசியில் பொத்தான் கைக்கு அகப்படவில்லை.

பதில்: எல்லோரும் பயன்படுத்தும்படி திரைகளை அமைக்கச் சொல்லும் இணைய அணுகல் நெறிமுறையின் (டபிள்யூசிஏஜி) 2.2 பதிப்பு, பொத்தானுக்குக் குறைந்தபட்சம் 24 பிக்சல் சதுரம் கேட்கிறது, உயர்ந்த தரத்துக்கு 44. கையுறையோடு வேலை செய்பவர்களுக்கு 44-ஐயே வையுங்கள்.

தாண்டிக்குடி, காபி விவசாயி: எல்லாம் மூன்று கிளிக்குக்குள் முடிய வேண்டும் என்கிறார்களே?

பதில்: அந்த விதிக்கு ஆதாரம் இல்லை. அடுத்து எங்கே போக வேண்டும் என்பது ஒவ்வொரு திரையிலும் தெளிவாக இருந்தால் ஐந்து கிளிக்கும் சிரமமில்லை. தெளிவில்லாவிட்டால் இரண்டாவதிலேயே ஆள் நின்றுவிடுவார்.

பந்தலூர்: ஜிஎஸ்டி விகிதத்தை எங்கே மாற்றுவது?

பதில்: ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கோத்தகிரிக் கணக்கர்: திரையை மாற்றியபின் சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஐந்து பேரை உட்கார வைத்தால் பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த ஐவரில் நிரலாளர் வேண்டாம். உண்மைக் கணக்கைத் தொடாத நகல் தளத்தில் ‘இந்த விவசாயியின் 42 கிலோவைப் பதியுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். எந்தத் திரையில் விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து வழி சொன்னால் சோதனை கெட்டுவிடும். இலைப் பணம் பட்டுவாடா நடக்கும் வாரத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள்.