ஸ்பொன்சர் செய்தவர் கடன் கொடுத்தவர் அல்ல

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைத் தவறாமல் வாசிப்பவன். ஸ்காபரோவில் இருக்கிறேன். என் ஸ்பொன்சரில் மனைவி கனடா வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்றவர், ஊரில் வங்கியில் வேலை செய்தவர். அந்தப் படிப்புக்கு இங்கே மதிப்பு உண்டா? எப்படி மதிப்பிடுவது? கல்யாணச் செலவு, விண்ணப்பக் கட்டணம், டிக்கெட் எல்லாம் என் தலையில். மூன்று வருடத்துக்கு முழுப் பொறுப்பும் நானே என்று கையெழுத்தும் வைத்திருக்கிறேன். நண்பர் மூலம் பிஸ்கட் தொழிற்சாலையில் ஏஜென்சி வேலை தயாராக இருக்கிறது. இவரோ ஆங்கில வகுப்புக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். முதலில் கடனைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பிறகு படிக்கலாம் அல்லவா? அவரும் உங்கள் வாசகிதான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

பட்டத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அதை மதிப்பிட வேர்ல்ட் எஜுகேஷன் சேர்விசஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி, பெறுபேறுகளை அனுப்புவித்தால் அறிக்கை தருவார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 'கனேடிய அனுபவம் தேவை' என்று விளம்பரத்தில் போடக்கூடாது என்ற சட்டமும் 2026 சனவரி 1 முதல் நம் ஒன்ராறியோ மாகாணத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மற்றதெல்லாம் தேடினால் கிடைக்கும்.

என்னைப் பதில் எழுத வைத்தது அந்தக் கையெழுத்து. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட அம்மா ஒருவர், மருமகளைக் கனடாவுக்கு எடுக்கத் தன் மகன் எவ்வளவு காசு கட்டினான் என்று எனக்குக் கணக்குச் சொன்னார். மருமகள் அதே மேசையில்தான் இருந்தாள், சோற்றைப் பிசைந்தபடி. அன்றிலிருந்து இந்த விஷயம் எனக்குள் கிடந்து கொதிக்கிறது. அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

நீங்கள் யாருக்குக் கையெழுத்து வைத்தீர்கள் தம்பி? கனடா அரசாங்கத்துக்கு. மனைவி நிரந்தர வதிவிட உரிமை பெற்ற நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு அவருடைய அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்வேன், அவர் அரசாங்க உதவிப் பணம் எடுக்க நேர்ந்தால் அதை நான் திருப்பிக் கட்டுவேன் என்று உறுதி கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வேலை போனாலும், நாளைக்கு நீங்கள் பிரிந்து விவாகரத்தே எடுத்தாலும் அந்த உறுதி உங்களை விடாது. மனைவி உங்களுக்கு ஒரு சதமாவது திருப்பித் தர வேண்டும் என்று அந்தப் பத்திரத்தின் எந்த மூலையிலும் இல்லை. அவரும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறார். தன் காலில் நிற்க இயன்ற முயற்சியெல்லாம் செய்வேன் என்பது அவருடைய வாக்கு. ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்கிறாரே, அதுதான் அந்த முயற்சி. கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறவரைப் பிடிவாதக்காரி என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

அடிப்படைத் தேவைகள் எவை என்பதையும் பத்திரமே சொல்கிறது. சாப்பாடு, உடுப்பு, வீடு, மின்சாரம், வீட்டுச் சாமான்கள், சொந்தத் தேவைகள். அரசாங்கக் காப்புறுதி ஏற்காத பல் வைத்தியமும் கண் வைத்தியமும்கூட அதில் அடக்கம். இந்தப் பல் விஷயத்தை நான் சும்மா சொல்லவில்லை.

2014 வாக்கில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு பெண் இருந்தாள். ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. கணவனின் ஸ்பொன்சரில் வந்த கையோடு இரவு வேலைக்கு அனுப்பப்பட்டவள். பத்து மணிக்கு ஏஜென்சி வான் வந்து ஏற்றிப் போகும், விடியக் கொண்டுவந்து இறக்கும். ஒருநாள் காலை லிஃப்டில் கண்டேன். வலது கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. வாய்க்குள் எதையோ அதக்கியிருந்தாள். லிஃப்ட் முழுக்கக் கிராம்பு வாசம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். தைப்பொங்கலிலிருந்து என்றாள். அப்போது சித்திரை மாதம். வைத்தியரிடம் போகவில்லையா என்றால், எனக்காக அவர் ஏற்கெனவே நிறையச் செலவழித்துவிட்டார், இன்னும் எப்படிக் கேட்பது என்கிறாள். அவளுடைய சம்பளம் கணவனின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. சம்பளத் துண்டைக்கூட அவள் கண்டதில்லை. தன் உழைப்பில் ஒரு பல்லுக்கு வைத்தியம் பார்க்க வழியில்லாமல், இரவெல்லாம் நின்று பெட்டி அடுக்கியிருக்கிறாள். நான் கூட்டிக்கொண்டு போனபோது காலம் கடந்திருந்தது. இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டி வந்தது.

அந்தக் காலத்தில் சட்டமும் அவள் பக்கம் இல்லை. 2012 ஒக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். புதிதாக மணம் முடித்து, பிள்ளையும் இல்லாமல் ஸ்பொன்சரில் வருகிறவர் இரண்டு வருடம் துணையோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிட உரிமை நிலைக்கும் என்றது அந்த விதி. கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு இருந்தது. அதை அவளுக்கு எடுத்துச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. 2017 ஏப்ரலில் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். ஒழுங்காக மணம் முடித்து வந்து, வதிவிட உரிமையும் கையில் இருக்கிற பெண்ணிடம் 'ஸ்பொன்சரை வெட்டிவிடுவேன்' என்று எந்தக் கணவன் சொன்னாலும் இன்று அது வெறும் வாய். ஆனாலும் எத்தனை வீடுகளில் அந்த வாய் இன்னும் வேலை செய்கிறது!

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. மனைவியின் படிப்பைப் பற்றித்தானே முதலில் கேட்டிருக்கிறீர்கள். கடன் இருந்தால் நித்திரை வராது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் பட்ட கடனை, வந்து ஏழு மாதமான பிள்ளையின் முதுகில் ஏற்றுவதா? சேர்ந்து அடைக்க வேண்டிய கடன் என்றால் கணக்கை அவர் முன்னால் விரித்து வையுங்கள். மொத்தம் எவ்வளவு, வட்டி என்ன, மாதம் எவ்வளவு போகிறது என்று காட்டுங்கள். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். உங்களைவிட நன்றாகவே வழி சொல்லக்கூடும்.

தொழிற்சாலை வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. எங்கள் தலைமுறை வீடு வாங்கியதும் பிள்ளைகளைப் படிப்பித்ததும் அந்த உழைப்பில்தான். ஆனால் 'பிறகு படிக்கலாம்' என்கிறீர்களே, அந்தப் பிறகு வருவதில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தில் தொடங்கி, சுற்றிவரத் தமிழிலேயே பேசிச் சமாளித்து, பதினைந்து வருடம் கழித்தும் வைத்தியரிடம் போக மகளைத் துணைக்கு அழைக்கிற பெண்கள் எத்தனை பேரை உங்களுக்குக் காட்டட்டும்? புதிதாக வந்தவர்களுக்குக் கனடா அரசாங்கத்தின் செலவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் லிங்க் வகுப்புகள் நிரந்தர வதிவாளருக்கு இலவசம். குடியுரிமை எடுத்தபின் அவற்றில் சேர முடியாது. பகல், மாலை, இணையவழி என்று பல நேரங்களில் நடக்கின்றன. வேலையா வகுப்பா என்று ஒன்றை வெட்டவே தேவையில்லை. மொழி மட்டத்தை அளக்கிற மதிப்பீட்டுக்கு இந்த வாரமே நாள் எடுங்கள்.

அதற்கும் முன்னால், அவர் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு. வேலை இல்லாவிட்டாலும், போட ஒரு டொலர் இல்லாவிட்டாலும், அடையாளப் பத்திரத்தைக் காட்டிக் கணக்குத் திறக்க இந்த நாட்டில் உரிமை உண்டு. எந்த வேலைக்குப் போனாலும் சம்பளம் அந்தக் கணக்குக்கே போகட்டும். கூட்டுக் கணக்கு போதாதா என்று கேட்பீர்கள். போதாது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். தங்கச்சி, வகுப்பில் சேருங்கள். பட்டத்தை மதிப்பிடும் வேலையில் எங்காவது தடைப்பட்டால், அடுத்த கடிதத்தை நீங்களே எனக்கு எழுதுங்கள்.