ஷேரிங் சைக்கிள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சொந்தமா ஒரு சைக்கிள் வாங்கிப் போட்டா வருஷக்கணக்கா ஓடும். அதை விட்டுட்டு போனை எடுத்து ஸ்கேன் பண்ணி, நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசு கட்டி ஓட்டணும்னு என்ன தலையெழுத்து?

பதில்: தினமும் வீட்டுல இருந்து வேலைக்கு, வேலையில இருந்து வீட்டுக்கு, ரெண்டு பக்கமும் சைக்கிள்லயே போறவர்னா தாராளமா சொந்தமா வாங்குங்க, அதுதான் லாபம். ஷேரிங் சைக்கிள்னா ஊர்ல அங்கங்க ஸ்டாண்டுல நிக்கிற பொது சைக்கிள், ஒரு ஸ்டாண்டுல எடுத்து போற இடத்து ஸ்டாண்டுல விட்டுடலாம், அது பாதி வழிக்காரங்களுக்கு. ட்ரெயின் விட்டு இறங்கியாச்சு, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகணும், நடந்தா அரை மணி நேரம், பஸ்ஸுக்கு நின்னா எப்ப வரும்னே தெரியாது, அந்த ரெண்டு கிலோமீட்டருக்குத்தான் இது. சாயங்காலம் மழை பிடிச்சுக்கிச்சுன்னா சைக்கிளை அங்கயே விட்டுட்டு பஸ்ல வந்துடலாம். சொந்த சைக்கிள்னா அதையும் கூட்டிட்டு வந்தாகணும், பூட்டணும், மாடிக்குத் தூக்கணும், காலைல இருக்குமான்னு வேற கவலைப்படணும்.

பாரிஸ்ல 2007 ஜூலைல வெலிப்னு அந்த ஊர் ஷேரிங் சைக்கிள் திட்டம் ஆரம்பிச்சப்போ, சந்தா கட்டினவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் அரை மணி நேரம் ஓசி, அதுக்கு மேல போகப் போக ரேட் ஏறும். எடுத்தோமா, போனோமா, விட்டோமா, அடுத்தவர் எடுக்கட்டும், அதுக்காகவே வச்ச கணக்கு அது. நாள் முழுக்க வச்சு ஊர் சுத்தணும்னா வாடகை சைக்கிள் கடைதான் சரி.

கேள்வி: ஷேரிங் சைக்கிள் வந்தா ரோட்டுல கார் குறையும், புகை குறையும்னு எல்லா விளம்பரத்துலயும் போடறாங்களே, நிஜமாவே குறையுமா?

பதில்: கொஞ்சம் நிஜம், நிறைய ஆசை. இந்த சைக்கிள்ல போறவங்களை நிறுத்தி 'இது இல்லன்னா எதுல போயிருப்பீங்க'ன்னு கேட்டா, பாதிக்கு மேல நடந்திருப்பேன், பஸ் பிடிச்சிருப்பேன், மெட்ரோல போயிருப்பேன்னுதான் சொல்றாங்க. காரை விட்டுட்டு வந்தேன்னு சொல்றவங்க கம்மி. 2014ல வந்த ஒரு ஆய்வு பல ஊர்களை ஒப்பிட்டுப் பார்த்துச்சு, ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன், பிரிஸ்பேன்ல இந்த சைக்கிள் பயணத்துல சுமார் 20 சதவீதம் கார்ல போக வேண்டியதுக்குப் பதிலா வந்தது, லண்டன்ல வெறும் 2 சதவீதம் பக்கம்தான். லண்டன் நடுவுல ஏற்கெனவே கார்ல போறவங்க கம்மி, அப்புறம் எங்க இருந்து குறையும்? இதுல இன்னொரு கூத்து என்னன்னா, ஒரு ஸ்டாண்டுல குவிஞ்ச சைக்கிளை அள்ளிட்டுப் போய் காலி ஸ்டாண்டுல நிறுத்த லாரி, வேன் ஓடுதில்ல, லண்டன்ல அந்த வண்டிங்க ஓடின தூரம் மிச்சமான கார் தூரத்தை விட அதிகம்னு அதே ஆய்வு கணக்கு போட்டுக் காட்டுச்சு!

அதுக்காக இது வேஸ்ட்னு நான் சொல்ல மாட்டேன். 2015 ஜூலை 9ஆம் தேதி லண்டன்ல பாதாள ரயில் ஸ்ட்ரைக், அன்னிக்கு ஒரே நாள்ல 73 ஆயிரம் தடவைக்கு மேல இந்த சைக்கிளை எடுத்திருக்காங்க. ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி இருக்கணும், ஊருக்கு அது பெரிய விஷயம். கூட்டத்துல நசுங்கிட்டுப் போறவங்கள்ல கொஞ்சம் பேர் சைக்கிளுக்கு மாறினா மிச்சப் பேருக்கு நிக்கவாவது இடம் கிடைக்கும். என்னைக் கேட்டா இதை விட முக்கியமானது வேற ஒண்ணு, பத்து வருஷமா சைக்கிளைத் தொடாத ஆளுங்க இதுல ஏறிப் பார்த்துட்டு, ரோட்டுல எங்களுக்கு இடம் எங்கன்னு கேட்க ஆரம்பிக்கறாங்க. சைக்கிளே ஓடாத ஊர்ல சைக்கிள் பாதை கேட்டா எந்த அதிகாரியும் காதுல வாங்க மாட்டார். கார் குறையணும்னா காருக்குக் குடுத்த இடத்துல கை வைக்கணும், பார்க்கிங்குக்குக் காசு ஏத்தணும். அதைச் செய்யாம சைக்கிளை மட்டும் வரிசையா நிறுத்தி ரிப்பன் வெட்டினா போட்டோ நல்லா வரும், அவ்வளவுதான்.

கேள்வி: காலைல எங்க ஏரியா ஸ்டாண்டுல ஒரு சைக்கிள் கூட இருக்காது. ராத்திரி திருப்பி விட வந்தா இடம் இருக்காது. யாருக்காவது பிளான் பண்ணத் தெரியுமா?

பதில்: தெரியும், ஆனா உங்க தெருவே ஒரே நேரத்துல வேலைக்குக் கிளம்புதே. மேடான ஏரியான்னா இன்னும் மோசம், கீழ இறங்கறதுக்கு எல்லாரும் எடுப்பாங்க, மிதிச்சு மேல ஏற யாருக்கும் மனசு வராது. பாரிஸ்ல மேட்டுல இருக்கற ஸ்டாண்டுல கொண்டு போய் விட்டா கூடுதல் நிமிஷம் போனஸா குடுத்தாங்க. நியூயார்க்ல பைக் ஏஞ்சல்ஸ்னு ஒரு திட்டம், நிறைஞ்ச ஸ்டாண்டுல எடுத்து காலி ஸ்டாண்டுல விடற சாதாரண மெம்பர்களுக்கு பாயின்ட் குடுக்கறாங்க, லாரிக்கு டீசல் ஊத்தறதை விட இது எவ்வளவோ மேல். உங்க ஊர்ல சைக்கிள் நடத்தறவங்க கிட்ட இதைக் கேளுங்க. ஸ்டாண்டுகள் கிட்டக்கிட்ட, முன்னூறு நானூறு மீட்டர் இடைவெளில இருக்கான்னும் பாருங்க, ஒண்ணு காலின்னா அடுத்ததுக்கு நடந்துடலாம். கிலோமீட்டருக்கு ஒண்ணு வச்ச ஊர்ல அது சீக்கிரமே காட்சிப் பொருள் ஆயிடுது.

கேள்வி: எனக்குப் பார்வை குறைவு, கைத்தடி வச்சுக்கிட்டு நடக்கறேன். நடைபாதை பூரா இந்த சைக்கிள்ங்க விழுந்து கிடக்கு. யார் கிட்ட சொல்றது?

பதில்: உங்க கோபம் நூத்துக்கு நூறு நியாயம், இதுல நான் கம்பெனி பக்கம் பேசப் போறதில்ல. ஸ்டாண்டே இல்லாம எங்க வேணா விடலாம்ங்கற மாடல் 2016, 2017ல சீனாவுல காட்டுத்தனமா வளர்ந்துச்சு. ஓஃபோ, மோபைக் மாதிரி கம்பெனிங்க போட்டி போட்டு ஊருக்குத் தேவையானதை விடப் பல மடங்கு சைக்கிளைக் கொண்டு வந்து கொட்டினாங்க. 2017 ஆகஸ்ட்ல ஷாங்காய் நிர்வாகம் இனி புது சைக்கிளே இறக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அள்ளின சைக்கிளை மலை மாதிரி குவிச்சு வச்ச படங்களைப் பார்த்திருப்பீங்க. 2018 கடைசியில ஓஃபோ கிட்ட சேரும்போது கட்டின டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு ஒரு கோடிப் பேருக்கு மேல ஆப்ல க்யூவுல நின்னாங்க. காசும் போச்சு, நடைபாதையும் போச்சு.

இப்ப சில ஊர்ல தரையில கட்டம் போட்டுடறாங்க, கட்டத்துக்குள்ள நிறுத்தினாத்தான் ஆப்ல பயணம் முடியும், இல்லன்னா மீட்டர் ஓடிட்டே இருக்கும். அந்தக் கட்டம் நடைபாதையில இல்லாம, ரோட்டு ஓரத்துல ஒரு கார் நிக்கிற இடத்துல இருக்கணும், ஒரு கார் இடத்துல பத்து சைக்கிள் நிக்கும். மாநகராட்சி கிட்ட, கம்பெனிக்குக் குடுக்கற லைசென்ஸ் நிபந்தனையிலயே இதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் குடுங்க, கம்பெனிக்கு மெயில் போட்டா 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு மட்டும்தான் வரும்.

கேள்வி: ஹெல்மெட் இல்லாம ஓட்டறாங்களே, ஆபத்து இல்லையா?

பதில்: போட்டா நல்லதுதான். ஆனா அமெரிக்காவுல இந்த மாதிரி சைக்கிள்ல கோடிக்கணக்குல பயணம் நடந்தும் 2016 ஜூலை வரைக்கும் ஒரு உயிர் கூடப் போகல. அந்த வண்டி கனம், வேகம் வராது, லைட் தானா எரியும், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டறதால பார்வையும் நல்லா இருக்கும். ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் இருந்த மெல்போர்ன்ல சைக்கிள் எடுக்கவே ஆள் கம்மியா வந்தாங்க, 2019ல மூடிட்டாங்க. நினைச்ச நேரத்துல எடுக்கற வண்டிக்கு ஹெல்மெட்டைக் கையோட தூக்கிட்டு யார் சுத்துவா?

கேள்வி: எடுக்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

பதில்: டயரைக் கட்டை விரலால அமுக்குங்க, ரெண்டு பிரேக்கையும் பிடிங்க, பெடலைப் பின்னாடி ஒரு சுத்து சுத்துங்க. சீட்டு பின்பக்கம் பார்த்து திரும்பி இருந்தா தொடாதீங்க, ரிப்பேர்னு உங்களுக்கு முன்னாடி வந்த புண்ணியவான் திருப்பி வச்சது, பாரிஸ்ல இது ரொம்ப வருஷப் பழக்கம். திருப்பி விடும்போது லாக் விழுந்துச்சா, ஆப்ல பயணம் முடிஞ்சுதுன்னு வந்துச்சான்னு பார்த்துட்டு நகருங்க, இல்லன்னா மறுநாள் காலைல பில்லைப் பார்த்து எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீங்க.