சருகுக்குள் சக்கர வலை: கேள்வி பதில்

சிம்பைட்டோக்னாத்திடே என்னும் நுண்சிலந்திக் குடும்பத்தைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

ஐயா, உலகிலேயே சிறிய சிலந்தி இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறதா?

ஆம். கொலம்பியாவில் கிடைத்த பாட்டு டிகுவா (Patu digua) என்னும் சிலந்திதான் அது, 1977இல் விவரிக்கப்பட்டது. ஆணின் உடல் நீளம் 0.37 மில்லிமீட்டர், ஒரு ரவைத் துகளைவிடக் குறைவு. சமோவாவின் பாட்டு மார்ப்ளெசியும் (0.43 மி.மீ.) அதே ‘பாட்டு’ பேரினம்தான். ஆனால் அளவை மட்டும் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வலையைப் பாருங்கள்.

அப்படி என்ன இருக்கிறது வலையில்?

பாட்டு சிலந்திகள் ஈரச் சருகுக்கும் பாசிக்கும் இடையே கிடைமட்டமாகச் சக்கர வலை பின்னுகின்றன. தோட்டத்துச் சிலந்தி ஆர இழைகளை முதலில் இழுத்துவிட்டு, அவற்றின் மேல் பசைச் சுருளை ஓட்டும். அத்தோடு வேலை முடிந்தது. பாட்டு சிலந்திகளோ அங்கே நிற்பதில்லை. சுருள் முடிந்த பிறகும் நடுவிலிருந்து விளிம்புக்கும் விளிம்பிலிருந்து நடுவுக்கும் போய்ப் போய்க் கூடுதல் ஆரங்களைச் சேர்க்கின்றன. அதனால்தான் வலை அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

இத்தனூண்டு உடலில் இதற்கான மூளை எங்கே இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நரம்பணுவை ஓர் அளவுக்குக் கீழே சுருக்க முடியாது. உட்கருவுக்கு இடம் வேண்டும், நரம்பிழைக்கும் குறைந்தபட்சத் தடிமன் வேண்டும். எனவே உடல் சிறுக்கச் சிறுக்க, அதில் மூளையின் பங்கு கூடுகிறது. பனாமாவிலுள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகச் சிறிய சிலந்திகளில் மைய நரம்பு மண்டலம் உடற்குழியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நிரப்பி, கால்களுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. சிலந்தி ஆய்வாளர் வில்லியம் எபர்ஹார்ட் 2007இல் இன்னொன்றையும் காட்டினார்: நெருங்கிய உறவான அனாப்பிடே குடும்பத்தின் நுண்குஞ்சுகள், இழைகளுக்கிடையே இடைவெளி விடுவதில் பெரிய சிலந்திகளைவிடத் துல்லியம் குறைந்தவை அல்ல. சிறியது என்றால் எளியது என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு!

மற்றச் சிலந்திகளிலிருந்து இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

நுண்ணோக்கி வேண்டும். விஷப்பற்களைத் தாங்கும் தாடைகள் இரண்டும் நடுவில் ஒட்டிப் பிறந்திருக்கும். வாயருகே இருக்க வேண்டிய உணர்கால்கள் பெண்ணுக்கு இருக்காது, அல்லது வெறும் சிறு முனையாக நிற்கும். புத்தக நுரையீரல் (பல சிலந்திகளுக்கு உள்ள, ஏடுகள்போல் அடுக்கிய மூச்சுறுப்பு) கிடையாது, மூச்சுக்குழல்களால் சுவாசிக்கின்றன.

எல்லாமே வலை பின்னுமா?

இல்லை. பனாமாவின் குரிமாகுவா பயானோ வலையை விட்டுவிட்டது. டிப்ளூரா என்னும் பெரிய சிலந்தியின் முதுகிலேயே வாழ்ந்து, அது இரையைக் கரைத்துக் குடிக்கும்போது இறங்கி வந்து பங்கு குடிக்கிறது. வலை ஒருபுறம் இருக்க, இக்குடும்பத்தில் இன்னொரு விநோதமும் உண்டு: போர்ச்சுகலின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் அனாபிஸ்துலா அட்டேசினாவுக்குக் கண்களே இல்லை. அதன் குகைகளுக்குக் கல்குவாரிகளால் ஆபத்து என்பது என்னை வருத்துகிறது. வேறெங்கும் போய் வாழ அதனால் இயலாது.

வலையைப் படம்பிடிக்க வழி சொல்லுங்கள் அம்மா.

நான் அம்மா அல்ல, ஐயாதான், பரவாயில்லை. வலை கண்ணுக்குத் தெரிய, சோளமாவை மெல்லிய துணியில் முடிந்து மேலே தட்டுவது ஆய்வாளர்களின் வழக்கம். மாவு படிந்த வலையில் பசை வேலை செய்யாது, சிலந்தி மறுபடி பின்ன வேண்டும். ஆகவே முதலில் நீர்த்தூவி கொண்டு மிக மெல்லிய பனியைப் படியவிட்டு, பக்கவாட்டில் டார்ச் ஒளி பாய்ச்சிப் பாருங்கள். அளவுகோலை அருகில் வைக்க மறக்க வேண்டாம். அது இல்லாத படத்தில் அளவு தெரியாது. சருகைப் புரட்டினால், இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள்.