அடித்துவிட்ட வரிக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 27. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியை. கணவர் கொழும்பில் கடை வேலை. ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, இப்போதே செத்துவிடுவேன் போல வருகிறது. ஒரு தடவை ஹட்டன் பஸ்ஸில் அப்படி வந்ததிலிருந்து பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். ஈ.சி.ஜி. நல்லபடி இருக்கிறதாம். கிளினிக்கில் செர்ட்ரலின் 50 மில்லிகிராம் தந்தார்கள். ஒன்பது நாளாகிறது. குமட்டல், வயிற்றோட்டம், தூக்கமில்லை, படபடப்பு முன்னைவிடக் கூட. "அது பைத்தியக்கார மாத்திரை, பழகினால் விடமுடியாது, நிப்பாட்டு" என்கிறார் மாமியார். அடுத்த கிளினிக் மாதக் கடைசியில்தான். மாத்திரை இல்லாமல் குணமாக வழி இருக்கிறதா அக்கா?

பதில்:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை, ஆனால் இதே வகை மாத்திரையை ஏழு மாதம் விழுங்கியவள், அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

முதலில் அந்த ஒன்பது நாள். நீங்கள் எழுதிய நான்கும் இந்த மாத்திரையின் ஆரம்ப இரண்டு வாரத்தில் வரக்கூடியவைதான், படபடப்பு கூடுவது உட்பட. தொல்லை முதல் நாளே வந்துவிடும், பலன் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும், இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குமட்டலும் வயிற்றோட்டமும் தானாகவே தணியும். சாப்பிட்ட பிறகு எடுங்கள், இரவில் எடுக்கிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இன்னொன்று, இப்படித் திடீர் பயம் வருகிறவர்களுக்கு 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 50க்குப் போவது வழக்கம். உங்களுக்கு ஏன் 50இல் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் "குறைத்துத் தரமுடியுமா" என்று கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. அதற்கு மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். திகதி வரவில்லை என்று திருப்பி அனுப்பினால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அழுத்திச் சொல்லுங்கள்.

போகும்போது ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. எனக்கு முதல் தடவை மருந்து தந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான், நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் நான் சொன்ன "மனசு பதறுது" என்பதைத் தலைவலி என்று சொல்லிவிட்டார். மலையகத்தில் இது எத்தனை பேருக்கு நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாமும் டாக்டர் ஐயா முன்னால் தலையை ஆட்டிவிட்டு, லயத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறோம். எந்த நாள் தொடங்கினீர்கள், என்ன செய்கிறது, எத்தனை மணிக்கு, இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அவ்வளவு போதும். உங்களோடு வேலை செய்யும் டீச்சர் யாருக்காவது சிங்களம் வந்தால் அதைச் சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள். மாமியாரைக் கூட்டிப்போவதைவிட அது நல்லது, ஏன் என்று உங்களுக்கே தெரியும். போன கையோடு தைராய்டும் இரத்தச்சோகையும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள், இரண்டாலும் நெஞ்சு படபடக்கும்.

பழகிப்போகுமா? மாமியார் பயப்படுவது வேறு மாத்திரைக்குப் பொருந்தும். டயசிபாம், அல்பிரசோலம் போன்றவை சில வாரத்திலேயே உடம்பைப் பிடித்துக்கொள்ளக்கூடியவை, பக்கத்து வீட்டில் "தூக்க மாத்திரை" என்று ஒன்று நீட்டினால் வாங்காதீர்கள். செர்ட்ரலின் அப்படி ஆசை காட்டி இழுக்காது. ஆனால் மாதக்கணக்கில் எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சண்டை பிடிக்கும். நான் ஏழாம் மாதம் "சுகமாகிவிட்டது" என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன், மூன்றாம் நாள் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி, படியிறங்கவே முடியாத தலைச்சுற்று. படிப்படியாகக் குறைத்திருந்தால் அநேகமாக அது வந்திருக்காது. நன்றாக இருக்கிறது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

காத்திருக்கவே கூடாத சில விஷயங்களும் உண்டு. முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, காய்ச்சலோடு நடுங்கி உடம்பு விறைப்பது, தூக்கமே இல்லாமல் விசித்திரமான வேகம் ஏறுவது, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருவது. கடைசியாகச் சொன்னது 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் கூடுதலாக வரலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது, உங்களுக்கு 27 என்றாலும் கவனமாக இருங்கள். இவற்றில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் அம்புலன்ஸுக்கு 1990, பேச ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். இடுப்புவலிக்கு டைக்குளோபினாக், ட்ரமடோல் எடுக்கிறீர்களென்றால் கட்டாயம் சொல்லுங்கள், முதலாவது இதோடு சேர்ந்தால் இரத்தக்கசிவுக்கும், இரண்டாவது நான் சொன்ன அந்த நடுக்கத்துக்கும் இடமுண்டு. பிள்ளைக்குத் திட்டமிருந்தால் அதையும் முன்கூட்டியே.

சரி, மாத்திரை இல்லாத வழி. இருக்கிறது, உண்மையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 276 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது, எட்டு வாரத் தியானப் பயிற்சி, உங்கள் மாத்திரையின் வகையைச் சேர்ந்த எஸ்சிட்டலோபிராமுக்குக் குறையாமல் பதற்றத்தைத் தணித்தது. ஆனால் அது ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவதல்ல, வாரம் இரண்டரை மணிநேர வகுப்பு, வீட்டில் தினம் முக்கால் மணிநேரம். லயத்துக் காம்பராவில் அந்த முக்கால் மணிநேரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு அதைவிடப் பொருந்துவது பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பழகும் பேச்சுச் சிகிச்சை. கிளினிக்கில் மனநல வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள், இலவசம்தான். அது எப்படியிருக்கும் என்றால், முதல் வாரம் பஸ் ஹோல்ட்டில் போய் நின்றுவிட்டு வருவது, ஏறவே வேண்டாம். அப்புறம் ஒரு ஹோல்ட் தூரம். அப்புறம் நோர்வூட் வரை, பிறகு டிக்கோயா, பிறகுதான் ஹட்டன். நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும், இறங்கி ஓடாமல் இருந்தால் அது தானாக இறங்கும், அதை உடம்பு கண்ணால் காண வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டதால் பயம் இன்னும் வளர்ந்துவிட்டது, அது உங்கள் குற்றமில்லை, பயத்தின் குணம் அப்படி. இதை மாத்திரை எடுத்துக்கொண்டே செய்யலாம், பலருக்கு இரண்டும் சேர்ந்துதான் உதவுகிறது.

பிளேன்டி, அதுதான் பால் விடாத தேநீர், எத்தனை தடவை குடிக்கிறீர்கள்? நம்ம ஊரில் யாரும் எண்ணுவதில்லை. அதிலுள்ள கஃபீனும் படபடப்பைக் கிளறும், மூன்று கோப்பையாகக் குறைத்து மத்தியானத்தோடு நிறுத்திப் பாருங்கள். மாமியார் கோடாங்கியிடம் கயிறு கட்டிவரச் சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள், அதில் சண்டை வேண்டாம். சூரணம் என்று ஏதாவது தந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டாமல் விழுங்காதீர்கள், அமுக்கராவால்கூட ஈரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள். என்னால் வாசிக்க முடிந்தது. கணவர் லீவில் வந்தபோது உங்களுக்கு எந்த ஆசையும் இல்லாமல் போனது இந்த மாத்திரையாலும் இருக்கலாம், நிறையப் பேருக்கு வருகிற பக்க விளைவு அது, அவர்மேல் உங்களுக்கு அன்பு குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ பார்ப்பார்கள். டாக்டரிடம் கொண்டுபோகும் பேப்பரில் அந்த வரியை அடிக்காமல் எழுதுங்கள், வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் பேப்பரை நீட்டினால் போதும்.