இலங்கையில் வருமான வரி சம்பளக்காரருக்கு மட்டும்தானா? இது நியாயமா?

கேள்வி கேட்டவர் கொழும்பில் தனியார் கம்பனியில் வேலை செய்கிறார். சம்பளம் கைக்கு வருமுன்னே வரி போய்விடுகிறது, தெருமுனைக் கடைக்காரர் ஒரு சதமும் கட்டுவதாகத் தெரியவில்லை, இது என்ன நியாயம் என்கிறார். சட்டப்படி பார்த்தால் கடைக்காரரும் கட்டத்தான் வேண்டும், டாக்டரும் டியூஷன் மாஸ்டரும் வீட்டு வாடகை வாங்குபவரும் கட்டத்தான் வேண்டும். நடைமுறையில் சம்பளக்காரரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை, நேரே எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக் கொடுப்பது என்னைப் போன்றவர்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் பதினாலு வருடமாகச் சம்பளம் போடுகிறேன்.

2023 ஜனவரிச் சம்பளத்தை மறக்க முடியாது. புது வரி அந்த மாதம்தான் தொடங்கியது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்தால் வரி, அதற்கு மேல் ஒவ்வொரு 41,667 ரூபாவுக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி 36 வீதத்தில் போய் நின்றது. சம்பளச் சீட்டு கொடுத்து அரை மணித்தியாலம் இருக்காது, எங்கள் எஞ்சினியர் தம்பி சீட்டோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். "அக்கா, இதில ஏதோ பிழை இருக்கு, பாருங்க." மூன்று லட்சம் சம்பளத்தில் 35,000 ரூபா ஏ.பி.ஐ.டி. (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) என்று இருந்தது. பிழை இல்லை. நானும் கல்குலேட்டரை எடுத்து ஒவ்வொரு படியாகப் போட்டுக் காட்டினேன், 2,500, 5,000, 7,500, 10,000, மறுபடியும் 10,000. அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக் கடன் வட்டியும் அந்த வருடம் ஏறிப்போயிருந்தது, சாமான் விலை இரண்டு மடங்காகியிருந்தது, சம்பளம் அப்படியே இருந்தது. அடுத்த வருடம் குடும்பத்தோடு மெல்பேர்ண் போய்விட்டார். 2023 மார்ச்சில் டாக்டர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வங்கி, துறைமுக ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது "இவ்வளவு சம்பளம் எடுப்பவர்களுக்கு என்ன குறை" என்று நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அந்தத் தம்பியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இந்த அடி திடீரென்று வந்ததில்லை. 2019 டிசம்பரில் புதிய அரசாங்கம் வந்த கையோடு, சாமான் விலையோடு சேர்த்துக் கட்டும் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தது, சம்பளத்தில் பிடிக்கும் வரியை 2020 ஜனவரியோடு நிறுத்தியது, வருடத்துக்கு 5 லட்சமாக இருந்த வரிவிலக்கு எல்லையை 30 லட்சம் ஆக்கியது. வற் வரிக்குப் பதிய வேண்டிய வியாபாரத்தின் வருட விற்பனை எல்லை 12 மில்லியனாக இருந்தது, அதை 300 மில்லியனுக்குக் கொண்டுபோனார்கள். கைக்கு வரும் சம்பளம் கூடியது என்று எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். 2022இல் அரசாங்கத்தின் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 வீதத்துக்கும் கீழே போய்விட்டது. அதே வருடம் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த வருடத்துக் காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, மருந்து இல்லாத ஆஸ்பத்திரி எல்லாம் நாம் நின்று பார்த்தவைதான். வரிக் குறைப்பு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், கொரோனா இருந்தது, கடன் முன்பே கழுத்துவரை இருந்தது. ஆனாலும் அந்தக் குறைப்பில் அதிகம் மிச்சம் பிடித்தவர்கள் வேறு, 2023இல் அதைத் திருப்பிக் கட்டியவர்கள் வேறு. என் கோபம் அங்கேதான்.

சரி, கடைக்காரர் கதைக்கு வருகிறேன். போன வருடம் வெள்ளவத்தை வீட்டில் குளியலறையைத் திருத்த வேண்டி மேசனோடு புறக்கோட்டைக்குப் போனேன். ஹாட்வெயார் கடையில் குழாய், ஷவர், கொமட், கொஞ்சம் டைல்ஸ். கடைக்காரர் கல்குலேட்டரில் ஒரு தொகையைத் தட்டி என் பக்கம் திருப்பினார். "இது பில் இல்லாம." அழித்துவிட்டு மறுபடி தட்டித் திருப்பினார். "பில்லோட எண்டா இது." இரண்டுக்கும் இடையில் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். நான் பில்லோடு தரச் சொன்னேன். வெளியே வந்ததும் மேசன் கேட்டார், "ஏன் மிஸ் சும்மா காசைக் குடுக்கிறீங்க?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அந்தப் பில் இல்லாத விலையில் வற் வரி மட்டும் மறையவில்லை. அந்த விற்பனையே கணக்கில் இல்லை, அதன் லாபத்துக்குரிய வருமான வரியும் இல்லை. கொழும்பில் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை கல்குலேட்டர் திரும்புகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டும் வியாபாரிகளும் இருக்கிறார்கள், எங்கள் கம்பனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் பலரை எனக்கே தெரியும். பில் போடாத கடைக்குப் பக்கத்தில் பில் போட்டு விற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்றைக் கேள்வி கேட்டவரிடம் நேராகச் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். இப்படிக் கேட்கும் பலர் அடுத்த வசனத்திலேயே "நாங்கள் கொஞ்சப் பேர்தான் வரி கட்டி முழு நாட்டையும் சுமக்கிறோம்" என்று முடிப்பார்கள். அது சரியில்லை. எங்கள் அலுவலகத்தில் தேத்தண்ணி போடும் அக்கா மட்டக்குளியிலிருந்து வருகிறார், சம்பளம் 60,000 ரூபா. அவருடைய சீட்டில் ஏ.பி.ஐ.டி. என்ற இடம் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம், அதுவரை வற் இல்லாமல் இருந்த காஸ், பெற்றோல், புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அரிசி, மரக்கறி, பஸ் காசைத் தள்ளிவிட்டு, காஸ், சவர்க்காரம், பிஸ்கட், பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, ரீலோட் என்று அவர் மாதம் 23,600 ரூபாவுக்கு வாங்குகிறார் என்று வைப்போம். அதில் 3,600 ரூபா அளவில் வற். சின்னக் கடையில் பில்லில் வற் என்று எழுதியிருக்காது, கம்பனி மொத்தமாக விற்றபோதே விலைக்குள் போய்விட்டது. 2025 ஏப்ரலில் வருமான வரியைத் தளர்த்திய பிறகு, மாதம் இரண்டு லட்சம் எடுக்கும் ஒருவருக்குப் பிடிப்பது 3,000 ரூபா. முன்பு 10,500 ஆக இருந்தது. இரண்டு லட்சக்காரரும் கடைக்குப் போய் வற் கட்டுகிறார், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் 60,000இல் 3,600 போவதும் இரண்டு லட்சத்தில் 3,000 போவதும் ஒன்றில்லை. அந்த அக்காவை "வரி கட்டாதவர்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

இன்னொன்று, வட்டிக்குப் பிடிக்கும் வரி. என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, கைக்கு வந்த பணத்தில் 20 லட்சத்தை நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். மாத வட்டி 13,000 சொச்சம். 2025 ஏப்ரலிலிருந்து வங்கி அதில் 10 வீதத்தைப் பிடித்துவிட்டுத்தான் தருகிறது, முன்பு 5 வீதம். அம்மாவின் முழு வருமானமும் இப்போதைய வரிவிலக்கு எல்லையான வருடம் 18 லட்சத்துக்குக் கிட்டவும் வராது, ஆகவே அவர் வருமான வரி கட்ட வேண்டியவரே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பிரகடனப் படிவம் இருக்கிறது, டின் இலக்கத்தோடு (வரி திணைக்களம் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு இலக்கம்) நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். கொடுக்கப் போன அன்று நாங்கள் போன கிளையில் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அம்மாவுடையதை நிரப்பி முடிக்கப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஐயா தன்னுடையதை நீட்டினார், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒருவரிடம் டின் இலக்கமே இல்லை, அது என்னவென்றும் தெரியாது. அவருடைய வட்டியில் மாதாமாதம் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். திருப்பிக் கேட்க வழி இருக்கிறது, அதற்கும் படிவம்தான்.

நம் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 2023இல் நடந்ததையும் சம்பளக்காரர் மறக்கக் கூடாது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், கையிலிருந்த பழைய பிணைமுறிகளை (அரசாங்கம் கடனுக்குக் கொடுத்த பத்திரங்களை) நீண்ட காலப் புதியவையாக மாற்றிக்கொள்ளாவிட்டால் 14 வீத வரி 30 ஆகும் என்று ஓய்வூதிய நிதிகளுக்குச் சட்டம் போட்டார்கள். வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளை விட்டுவிட்டார்கள். வரி என்று பெயர் வைக்காவிட்டாலும் அதுவும் நம் பையிலிருந்து போனதுதான்.

ஆகவே நியாயமா என்று கேட்டால், சம்பளத்தில் வரி பிடிப்பது நியாயம் என்றுதான் சொல்வேன். என் சீட்டிலும் பிடிக்கிறார்கள், நானே என் கையால் போடுகிறேன். 2011 வரை அரச ஊழியர் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லாமல் இருந்த நாடு இது, அது மாறியதும் நல்லதற்குத்தான். இலவசக் கல்வியில் படித்தவள் நான், அம்மாவின் சத்திரசிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதம் கொடுக்காமல் நடந்தது. கண்ணுக்குத் தெரியும் பணத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கறப்பதுதான் அநியாயம். வாகனம் பதிய, காணி உறுதி பதிய, வங்கியில் நடைமுறைக் கணக்கு திறக்க டின் இலக்கம் வேண்டும் என்று 2024இல் அறிவித்தார்களே, அதை ஒழுங்காக நடத்தினாலே போதும், மூன்று கோடிக்கு ஜீப் வாங்குபவர் எந்த வருமானத்தில் வாங்கினார் என்று கேட்க முடியும். வற் பதிவு எல்லையை 2024இல் 60 மில்லியனுக்கு இறக்கியது சரியான திசை. அந்தப் பக்கத்தில் வருவதை வைத்து, கொப்பிக்கும் புத்தகத்துக்கும் வற் வரியை எடுக்கலாம்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலையும் சொல்கிறேன். மார்ச்சோடு வரி வருடம் முடியும், ஏப்ரல் கடைசிக்குள் கம்பனி உங்களுக்கு டி10 சான்றிதழ் தர வேண்டும். பிடித்த வரி முழுவதும் அதில் இருக்கும். உங்கள் பன்னிரண்டு சம்பளச் சீட்டையும் கூட்டி அதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் கணக்குப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம், அதற்குப் பதில் சொல்வது எங்கள் வேலை.